மறுக்க ஆளில்லாத கட்டுரை

கல்லூரிக் கருத்தரங்க மலர் எதையாவது எடுத்துப் பொருளடக்கத்தைப் புரட்டுங்கள். 'சத்துணவுத் திட்டம்: ஓர் ஆய்வு', 'பெண்கல்வி: ஒரு பார்வை', 'நீர் மேலாண்மை: சிக்கல்களும் தீர்வுகளும்' என்ற சாயலில்தான் தலைப்புகள் இருக்கும். உள்ளே உழைப்பு இல்லாமல் இல்லை. அடிக்குறிப்புகள் இருக்கும், அட்டவணை இருக்கும், ஆண்டு வாரியாக வரலாறு இருக்கும். படித்து முடித்த பிறகும் 'சரி, இவர் என்னதான் சொல்ல வருகிறார்?' என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கும். சத்துணவு நல்லது என்கிறார். யார் இல்லை என்றார்கள்? மறுக்க ஆளே இல்லாத ஒன்றை நிறுவப் பன்னிரண்டு பக்கம் எதற்கு? இந்தக் கேள்வி என்னை விட்டுப் போகாததால்தான் இதை எழுதுகிறேன்.

மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பள்ளி முழுக்க நாம் பழக்கியது குறிப்புச் சட்டகத்தை வைத்து எழுதும் பொதுக்கட்டுரையைத்தான். முன்னுரை, நன்மைகள், தீமைகள், அரசின் கடமை, நமது கடமை, முடிவுரை. கொடுத்த குறிப்புகளில் எதையும் விடாமல் தொட்டால் முழு மதிப்பெண். கல்லூரிக்கு வந்ததும் திடீரென்று 'ஆறு வாரத்தில், மூவாயிரம் சொல்லில் ஒரு வாதக் கட்டுரை எழுதிக் கொண்டு வா' என்கிறோம். அங்கே எல்லாவற்றையும் தொடுவதே குற்றம், பலவற்றை விட்டுவிடுவதுதான் திறமை என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. பொதுவாகப் பேசினால் இது விளங்காது. அதனால் ஒரே ஒரு பொருளைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு போகிறேன்: பள்ளியில் போடும் சாப்பாடு. தரவுகள் பொதுவில் கிடைக்கும் பொருள். எல்லோருக்கும் தெரிந்ததாக எல்லோரும் நினைக்கும் பொருள். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

பொருள் வேறு, வாதம் வேறு

'சத்துணவு' என்பது பொருள். 'சத்துணவுத் திட்டம் ஏழைக் குழந்தைகளுக்குப் பயன்பட்டது' என்பது செய்தி. இரண்டும் வாதமாகா. ஒரு வாக்கியம் வாதமா இல்லையா என்று பார்க்க எளிய வழி உண்டு. அதன் முடிவில் 'என்பது தவறு' என்று சேர்த்துப் படியுங்கள். விவரம் தெரிந்த, நல்லெண்ணம் உள்ள ஒருவர் அப்படிச் சொல்ல முடியுமா? முடியாது என்றால் கட்டுரைக்கு வேலை இல்லை. 'சத்துணவுத் திட்டத்தால்தான் தமிழ்நாட்டின் எழுத்தறிவு உயர்ந்தது' என்றால் மறுக்க ஆள் வருவார். ஆனால் இது மூவாயிரம் சொற்களில் அடங்காது. சாலை, மின்சாரம், இலவசப் பாடநூல், சரிந்துவந்த பிறப்பு விகிதம் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழித்துக் காட்ட வேண்டும். அது முனைவர் பட்டத்துக்கான வேலை.

ஆக, சோதனை இரண்டாகிறது. மறுக்கத்தக்கதாக இருக்க வேண்டும். கையில் உள்ள ஆறு வாரத்தில், எட்டும் தரவுகளை வைத்து, மறுப்புக்குப் பதில் சொல்லத்தக்கதாகவும் இருக்க வேண்டும். மூன்றாவதாக ஒன்றையும் சேர்ப்பேன். 'எந்தத் தரவு கிடைத்தால் நான் இந்த வாதத்தைக் கைவிடுவேன்?' என்பதற்கு எழுதத் தொடங்கும் முன்பே ஒரு வரியில் பதில் எழுதி வைக்க வேண்டும். பதில் வரவில்லை என்றால் கையில் இருப்பது நம்பிக்கை. அதற்குக் கட்டுரை வடிவம் பொருந்தாது.

வரலாற்றைச் சொல்லும் ஆசை இங்கேதான் குறுக்கே வரும். 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கி, 1956இல் காமராசர், 1982 சூலை 1இல் எம்.ஜி.ஆர்., 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கிய காலை உணவு என்று அடுக்கிக்கொண்டு போனால் நான்கு பக்கம் தானாக நிரம்பிவிடும். நிரம்பியது வாதம் அல்ல. மூவாயிரம் சொல் கட்டுரையில் பின்னணிக்கு முந்நூறு, அதிகம் போனால் நானூறு சொல். அதிலும் பின்னால் வாதத்துக்குப் பயன்படப் போகிற செய்தி மட்டும். உதாரணமாக, 1982 திட்டம் சூலையில் கிராமப்புறத்தில் தொடங்கி, செப்டம்பர் 15இல் நகரங்களுக்கு வந்தது. 10 முதல் 15 வயதுள்ள மாணவர்களுக்கு 1984 செப்டம்பர் 15இல்தான் விரிந்தது. இந்த இரண்டாண்டு இடைவெளி வெறும் வரலாற்றுத் தகவல் இல்லை. சிறுவர்களுக்கு உணவு உண்டு, சற்றுப் பெரியவர்களுக்கு இல்லை என்றிருந்த காலம் அது. அந்த இரண்டு வயதுப் பிரிவினரின் பள்ளி வருகையை ஒப்பிட்டால் உணவின் பங்கைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி கிடைக்கிறது. இப்படி வேலை செய்யும் தேதி உள்ளே வரலாம். மற்றத் தேதிகள் வெளியே நிற்கட்டும்.

எண்கள் வழுக்கும் இடம்

சான்று என்றதும் மாணவர்கள் முதலில் எடுப்பது மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எழுத்தறிவு விகிதம். அதையே எடுத்துப் பார்ப்போம். தமிழ்நாட்டின் எழுத்தறிவு 1981இல் 46.76 சதவீதம், 1991இல் 62.66 சதவீதம். பத்தாண்டில் கிட்டத்தட்ட 16 புள்ளி உயர்வு, நடுவில் 1982இல் சத்துணவு, ஆகவே சத்துணவின் பலன் என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் 46.76 என்பது கைக்குழந்தை உட்பட மொத்த மக்கள்தொகையை வைத்துப் போட்ட கணக்கு. 62.66 என்பது 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை மட்டும் வைத்துப் போட்டது. 1981ஐயும் அதே 7 வயதுக் கணக்கில் பார்த்தால் 54.39 வரும். உண்மையான உயர்வு 8.27 புள்ளி. பாதி உயர்வு வரையறை மாறியதால் வந்தது. அதற்கு மேல் இன்னொன்றும் இருக்கிறது: 1982இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தைக்கு 1991இல் பதினைந்து வயதுகூட ஆகியிருக்காது. இந்த விகிதமோ எழுபது வயதுப் பாட்டியையும் சேர்த்தே சொல்கிறது. ஒரு பள்ளித் திட்டத்தை அளக்க இது பொருந்தாத அளவுகோல்.

இதைப்போல் இன்னும் மூன்று இடம் வழுக்கும். முதலாவது, எண்ணிக்கையும் விகிதமும். தமிழ்நாட்டில் பிறப்பு குறைந்துவிட்டதால், எல்லாக் குழந்தையும் பள்ளிக்கு வந்தால்கூட ஒன்றாம் வகுப்பின் மொத்த எண்ணிக்கை சரியலாம். 'சேர்க்கை குறைந்தது, திட்டம் தோற்றது' என்று எழுதினால் அடிப்படையே தவறு. இரண்டாவது, மொத்தச் சேர்க்கை விகிதம். இது 100ஐத் தாண்டுவதைப் பார்த்து அச்சுப்பிழை என்று நினைப்பவர்கள் உண்டு. உரிய வயதினரின் தொகையால் வகுக்கும்போது, மேலே உள்ள எண்ணில் வயது கூடியவர்களும் குறைந்தவர்களும் சேர்வதால் அப்படி வரும். உரிய வயதினரை மட்டும் கணக்கிடும் நிகரச் சேர்க்கை விகிதம் வேறு. மூன்றாவது, சதவீதமும் சதவீதப் புள்ளியும். 50 சதவீதம் 65 சதவீதமாக உயர்ந்தால் அது 15 சதவீதப் புள்ளி உயர்வு, ஆனால் 30 சதவீத உயர்வு. இந்த இரண்டையும் ஒன்றாக எழுதிய கட்டுரையை ஒரு கேள்வியில் வீழ்த்திவிடலாம்.

எனவே எந்த எண்ணை எடுத்தாலும் அதன் பக்கத்தில் நான்கு விவரம் குறித்துக்கொள்ளுங்கள்: யாரை எண்ணினார்கள், எதால் வகுத்தார்கள், எந்த ஆண்டு, எந்தப் பரப்பு. இந்த நான்கில் ஒன்று தெரியாவிட்டாலும் அந்த எண் கட்டுரைக்குள் வரக் கூடாது.

இரண்டு ஆய்வுகள் முட்டிக்கொள்ளும்போது

ஒரு நல்ல கட்டுரை பிறக்கும் இடம் என்று நான் நம்புவது இதைத்தான். அதனால் இங்கே சற்று நிற்கிறேன்.

மாணவர் 'பள்ளி உணவு சேர்க்கையை உயர்த்துகிறது' என்ற எண்ணத்தோடு தேடத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜான் டிரீசும் கீதா காந்தி கிங்டனும் 2001இல் வெளியிட்ட ஆய்வு கிடைக்கிறது. வட இந்தியக் கிராமங்களில், உள்ளூர்ப் பள்ளியில் மதிய உணவு இருந்தால் பெண் குழந்தைகளின் பள்ளிப் பங்கேற்பு சுமார் 15 சதவீதப் புள்ளி அதிகம் என்கிறது. நல்லது. அடுத்து ராஜி ஜெயராமன், டோரா சிம்ராத் இருவரின் 2015 ஆய்வு. சமைத்த உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 28இல் ஆணையிட்ட பிறகு மாநிலங்கள் வெவ்வேறு நேரத்தில் அதைச் செயல்படுத்தின. அந்த முன்பின்னைப் பயன்படுத்தி, ஏறத்தாழ ஐந்து லட்சம் பள்ளிகளின் 2002 முதல் 2004 வரையான தரவை ஆராய்ந்தார்கள். தொடக்கப் பள்ளிச் சேர்க்கை குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது, கீழ் வகுப்புகளில்தான் அதிகம் என்பது முடிவு. மாணவருக்கு மகிழ்ச்சி. மூன்றாவதாக ஃபர்சானா அஃப்ரிதியின் 2011 ஆய்வு கைக்கு வருகிறது. மத்தியப் பிரதேசக் கிராமப்புறப் பகுதி ஒன்றில், மாதாந்திரத் தானியத்துக்குப் பதிலாகச் சமைத்த உணவு வந்தபோது என்ன மாறியது என்று பார்த்த ஆய்வு. 1ஆம் வகுப்புச் சிறுமிகளின் வருகை 12 சதவீதப் புள்ளிக்கு மேல் உயர்ந்தது என்கிறது. ஆனால் சேர்க்கையில் புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்க மாற்றம் இல்லை என்கிறது.

இங்கே மாணவர் முன்னால் மூன்று வழி. ஒன்று, மூன்றாவது ஆய்வைப் பார்க்காததுபோல் நடிப்பது. இது நேர்மையின்மை, வழிகாட்டி அந்தத் துறையைப் படித்தவர் என்றால் உடனே பிடிபடும். இரண்டு, 'இதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது' என்று ஒரு வரி போட்டுத் தாண்டிவிடுவது. பெரும்பாலான கட்டுரைகள் செய்வது இதைத்தான். மூன்றாவது வழி, ஏன் வேறுபடுகிறது என்று கேட்பது.

கேட்டால் நிறைய விடை கிடைக்கிறது. 'பொருட்படுத்தத்தக்க மாற்றம் இல்லை' என்றால் 'மாற்றமே இல்லை' என்று பொருள் அல்ல. சில பள்ளிகளை மட்டும் பார்க்கும் ஆய்வில் சிறிய உயர்வு இருந்தாலும் அது கண்ணில் படாமல் போகலாம். ஐந்து லட்சம் பள்ளித் தரவில் அதே உயர்வு தெளிவாகத் தெரியும். அடுத்து, எதோடு எதை ஒப்பிட்டார்கள்? மத்தியப் பிரதேசத்தில் ஒப்பீடு ஒன்றுமில்லாமைக்கும் உணவுக்கும் இடையே அல்ல, தானியத்துக்கும் உணவுக்கும் இடையே. 1995 ஆகஸ்ட் 15இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் மாணவருக்கு மாதம் 3 கிலோ தானியம் என்பது கணக்கு. 80 சதவீத வருகை என்பது நிபந்தனை. தானியம் வாங்கப் பெயர் பதிவேட்டில் இருந்தாக வேண்டும். ஆகவே பெயர்கள் ஏற்கெனவே ஏறியிருந்திருக்கும், ஆள் அன்றாடம் வராமல் இருந்திருக்கலாம். சமைத்த சோறு வந்தபோது வீட்டுக்கு எடுத்துப்போக ஒன்றுமில்லை. மதியம் பள்ளியில் இருந்தால்தான் தட்டில் விழும். அதனால் சேர்க்கையை விட்டு வருகையில் மாற்றம் தெரிந்திருக்கிறது. இது ஊகம். ஊகம் என்று சொல்லியே எழுத வேண்டும். ஆனால் தரவோடு ஒத்துப்போகிற ஊகம்.

இந்த இடத்தில் மாணவரின் வாதம் உடைகிறது. உடைந்து, அதைவிட நல்லது ஒன்று பிறக்கிறது. உணவு எதை மாற்றும் என்பது, அது வருவதற்கு முன் என்ன நிலை இருந்தது என்பதைப் பொறுத்தது. அப்படியென்றால் இன்றைய தமிழ்நாட்டில்? இங்கே 6 முதல் 14 வயதில், எந்தப் பள்ளியிலும் பெயரே இல்லாத குழந்தைகள் மிகக் குறைவு. ஏறுவதற்கு இடமில்லாத அளவுகோலை வைத்துக் காலை உணவுத் திட்டத்தை அளந்தால் அது ஒன்றும் செய்யவில்லை என்றே தெரியும். ஆகவே கட்டுரையின் மைய வாக்கியம் இப்படி ஆகிறது: 'சேர்க்கை ஏறத்தாழ நிறைவடைந்த தமிழ்நாட்டில் காலை உணவுத் திட்டத்தின் பலனைச் சேர்க்கையைக் கொண்டு அளப்பது பொருந்தாது, 1, 2ஆம் வகுப்புகளின் மாத வருகை விகிதமே அதன் முதன்மை அளவுகோலாக வேண்டும்.' மறுக்க ஆள் உண்டு. ஆறு வாரத்தில் செய்யலாம். எதைப் பார்த்தால் கைவிட வேண்டும் என்றும் தெரியும். தலைப்பையும் இப்போதுதான் வைக்க வேண்டும், முதல் நாளில் அல்ல.

பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு

நன்னூல் ஒரு நூலாசிரியன் கொள்ளத்தக்க ஏழு மதங்களை, அதாவது கொள்கைகளைச் சொல்லும். உடன்படல், மறுத்தல், அடுத்து 'பிறர்தம் மதமேற் கொண்டு களைவே'. மறுப்பதைத் தனியாகவும், பிறர் கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களைவதைத் தனியாகவும் வைத்தது கவனிக்க வேண்டியது. எதிர்வாதப் பகுதிக்கு இதைவிடத் துல்லியமான வழிகாட்டுதல் எனக்குத் தெரியாது. எதிரியின் கருத்தை அவரே 'ஆமாம், இதைத்தான் சொல்கிறேன்' என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்கு வலுவாக எழுதிய பிறகுதான் களைய வேண்டும்.

நம் மாணவர்கள் நோஞ்சான் எதிரியைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். 'சிலர் இத்திட்டம் வீண்செலவு என்கின்றனர், அது தவறு.' அந்தச் 'சிலர்' யார் என்று யாருக்கும் தெரியாது. 'உணவு ஆசிரியரின் நேரத்தைத் தின்கிறது' என்ற எதிர்வாதமும் அடிக்கடி வரும். தமிழ்நாட்டில் சத்துணவு மையத்துக்கென்று அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என்று தனிப் பணியிடங்களே இருக்கும்போது அதற்கு இங்கே வலு குறைவு. மேற்கண்ட மைய வாக்கியத்துக்கு உண்மையிலேயே ஆபத்தான எதிர்வாதங்கள் வேறு.

முதலாவது: வருகைப் பதிவேட்டை நம்பலாமா? சாப்பிடுவோர் எண்ணிக்கையை வைத்துப் பொருள்கள் ஒதுக்கப்படும் இடத்தில் தலைக்கணக்கைக் கூட்டிக் காட்டும் தூண்டுதல் இருக்கும். அளவுகோலே வீங்கியிருந்தால் அளவு என்னாவது? இது வலுவான அடி. இதை ஏற்றுக்கொண்டு, வருகைப் பதிவையும் உணவு உண்டோர் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது, தலைமையாசிரியரின் அனுமதியோடு சில நாள் நேரில் எண்ணிப் பார்ப்பது என்று பதில் சொல்ல வேண்டும். திட்டத்துக்கு முன்பும் பின்பும் வீக்கம் ஒரே அளவில் இருந்தால் இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு பெரிதாகக் கெடாது என்றும் வாதிடலாம். ஆனால் திட்டம் வந்ததால்தான் வீக்கம் தொடங்கியது என்றால் இந்தப் பதில் நிற்காது. அதையும் எழுத வேண்டும்.

இரண்டாவது: சேர்க்கை முக்கியமில்லை என்று எப்படிச் சொல்லலாம்? தனியார் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்குக் குழந்தைகள் திரும்பினால் அது திட்டத்தின் வெற்றிதானே? இதை முழுக்க மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. அது பள்ளித் தேர்வைப் பற்றிய அளவு. பள்ளிக்குப் போவதைப் பற்றிய அளவு வேறு என்று பிரித்துக் காட்டி, சேர்க்கையைத் துணை அளவுகோலாக ஏற்றுக்கொள்ளலாம். மைய வாக்கியத்தில் 'முதன்மை' என்ற சொல் இருப்பதற்கு வேலை வந்துவிட்டது பாருங்கள். மூன்றாவது, வருகை என்பது கற்றல் ஆகாது என்பது. ஆகாதுதான். ஒரே வரியில் ஒப்புக்கொண்டு எல்லை வகுத்துவிட்டு நகரலாம்.

தரவு தேடும் ஆறு வாரம்

காலை உணவுத் திட்டம் 2022இல் 1,545 பள்ளிகளில் முதலில் வந்தது. 2023 ஆகஸ்ட் 25இல் மற்ற அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 சூலை 15இல் ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. ஓராண்டு முந்திப் பெற்ற பள்ளியையும் பிந்திப் பெற்ற பள்ளியையும் ஒரே வட்டாரத்தில் ஒப்பிட முடிந்தால் கட்டுரைக்கு உயிர் வரும். ஒரு எச்சரிக்கை: முதற்கட்டப் பள்ளிகள் குலுக்கலில் எடுத்தவை அல்ல. மாநகராட்சி, நகராட்சி, மலைப்பகுதி என்று பார்த்துத் தேர்ந்தவை. மலைப்பகுதிப் பள்ளியைச் சமவெளிப் பள்ளியோடு ஒப்பிட்டு, வேறுபாடு முழுவதும் உணவால் வந்தது என்று எழுதிவிடக் கூடாது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்பதாக இருந்தால் முதல் வாரத்திலேயே மனு போக வேண்டும். கட்டணம் பத்து ரூபாய், பதிலுக்கு முப்பது நாள். நான்காம் வாரத்தில் நினைத்துக்கொண்டு அனுப்பினால் கட்டுரை கொடுத்த பிறகுதான் பதில் வரும். குழந்தைகளின் பெயர்ப் பட்டியலைக் கேட்க வேண்டாம். வகுப்புவாரி மாதச் சராசரி வருகை, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்று குறிப்பாகக் கேளுங்கள். பதில் வராமலே போகலாம் என்பதால், வெளிவந்த ஆய்வுகளை மட்டும் கொண்டு நிற்கும்படி வாதத்தின் ஒரு வடிவத்தைக் கையில் வைத்திருப்பது பாதுகாப்பு.

முதல் இரண்டு வாரம் வாசிப்புக்கு. கூகுள் ஸ்காலரில் ஒரு நல்ல கட்டுரை கிடைத்தால் அதை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலையும் திறந்து பாருங்கள். பின்னால் வந்த மறுப்புகள் அங்கேதான் இருக்கும். பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையத் தொகுப்பான சோத்கங்காவில் ஆய்வேடுகள் கிடைக்கும், ஆனால் அவற்றின் முடிவுகளைவிட அட்டவணைகளும் நூற்பட்டியலும்தான் நமக்கு அதிகம் பயன்படும். எட்டுப் பத்து மூலங்களை ஆழமாகப் படித்தால் போதும்; முப்பதை மேலோட்டமாகப் பார்த்து நூற்பட்டியலை நீட்டுவதில் ஒரு பலனும் இல்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலி தரும் மேற்கோளை ஒவ்வொன்றாகத் தேடி, மூலத்தைத் திறந்து பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். இல்லாத கட்டுரைக்கும் ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் அழகாகத் தந்துவிடும்.

குறிப்பெடுக்க நான்கு நெடுவரிசை உள்ள அட்டவணை போதும். மேற்கோள் குறிக்குள் மூலத்தின் சொற்கள் அப்படியே, பக்க எண், என் சொற்களில் அதன் சாரம், என் வாதத்தில் அது எங்கே உட்காரும். மேற்கோள் குறி போடாமல் ஒட்டி வைத்த வரி, மூன்று வாரம் கழித்து நாமே எழுதியதுபோல் தெரியும். கருத்துத் திருட்டு பலருக்கு நேர்வது இப்படித்தான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி 10 சதவீதம் வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை என்பதை, 10 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளலாம் என்று புரிந்துகொள்பவர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கி மூலம் சொல்லாமல் சேர்த்தால் மென்பொருள் கண்டுபிடிக்காமல் போகலாம். அப்போதும் அது திருட்டுத்தான்.

ஒரு பத்தியின் உள்ளே

எழுதத் தொடங்கினால் பெரும்பாலும் இப்படி வரும்:

'காலை உணவுத் திட்டம் மாணவர்களுக்கு மிகவும் பயனுள்ளதாக அமைந்துள்ளது. பசியோடு வரும் குழந்தைகளால் கற்க இயலாது. உணவு வழங்குவதால் மாணவர் வருகை பெருமளவில் அதிகரித்துள்ளதாகப் பல ஆய்வுகள் தெரிவிக்கின்றன (அஃப்ரிதி, 2011).'

பல ஆய்வுகள் என்று சொல்லி ஒன்றைக் காட்டுகிறது. 1ஆம் வகுப்புச் சிறுமிகளைப் பற்றிய முடிவு எல்லா மாணவர்களுக்கும் பரவிவிட்டது. மதிய உணவு ஆய்வு காலை உணவுக்குச் சான்றாகிவிட்டது. 'பெருமளவில்' என்பது எவ்வளவு என்று தெரியவில்லை. அதே பத்தியை இப்படி எழுதலாம்:

'பள்ளி உணவு அன்றாட வருகையை உயர்த்தக் கூடும் என்பதற்கு மத்தியப் பிரதேச ஆய்வு ஒன்று சான்று தருகிறது. மாதாந்திரத் தானியத்துக்குப் பதிலாகச் சமைத்த மதிய உணவு வந்தபின் 1ஆம் வகுப்புச் சிறுமிகளின் வருகை 12 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் உயர்ந்தது. சிறுவர்களிடம் உறுதியாகச் சொல்லத்தக்க மாற்றம் தெரியவில்லை (அஃப்ரிதி, 2011). உணவு அன்றன்று, பள்ளிக்கு வந்தவருக்கு மட்டுமே கிடைத்தது இதற்குக் காரணமாக இருந்திருக்கலாம். காலை உணவுக்கும் அதே நிபந்தனை உண்டு. ஆனால் அங்கே ஒப்பீடு தானியத்தோடு. இங்கே மதிய உணவு ஏற்கெனவே உள்ள பள்ளியில் இரண்டாவது வேளை உணவு சேர்கிறது. ஆகவே அதே அளவு உயர்வை எதிர்பார்க்க இயலாது. உயர்வு இருக்குமானால் அது முதலில் கீழ் வகுப்பு வருகையில் தெரியும் என்பதே இங்கு முன்வைக்கும் வாதம்.'

முதல் வாக்கியம் பத்தியின் கூற்று. இரண்டாவதும் மூன்றாவதும் சான்று, அதன் எல்லையோடு. நான்காவதும் ஐந்தாவதும் சான்றிலிருந்து கூற்றுக்குப் போகும் பாலம். மாணவர் கட்டுரைகளில் மிக அதிகமாகக் காணாமல் போவது இந்தப் பாலம்தான். எண்ணைப் போட்டதும் வேலை முடிந்ததாக நினைத்து அடுத்த பத்திக்குத் தாவிவிடுகிறார்கள். ஆறாவது முதல் எட்டாவது வரை, சான்று எங்கே பொருந்தாது என்பது. அதன்பின் வருவது, அந்த எல்லைக்குப் பிறகும் எஞ்சி நிற்பது. எல்லாப் பத்தியும் இதே வரிசையில் இருக்க வேண்டியதில்லை. கூற்று, சான்று, பாலம் மூன்றில் ஒன்று குறைந்தால் மட்டும் பத்தி நிற்காது. 'காட்டுகிறது', 'சுட்டுகிறது', 'நிறுவுகிறது' என்ற வினைகளையும் சான்றின் வலுவுக்கு ஏற்றபடி பார்த்துப் போட வேண்டும். ஒரே ஓர் ஆய்வை வைத்து எதுவும் நிறுவப்படுவதில்லை.

மூவாயிரம் சொல்லை நான் பங்கிடும் கணக்கு: மைய வாக்கியம் வெளிப்படும் அறிமுகத்துக்கு 250, பின்னணிக்கு 350, வாதத்தின் மூன்று படிகளுக்கும் சேர்த்து 1,400, எதிர்வாதத்துக்கு 700, முடிவுக்கு 300. எதிர்வாதத்துக்கு இவ்வளவா என்று தோன்றலாம். அங்கேதான் கட்டுரை தன் பலத்தைக் காட்டுகிறது என்பதால் அதில் குறைக்க மாட்டேன். இடம் போதாவிட்டால் பின்னணியில் வெட்டுங்கள். அறிமுகத்தைக் கடைசியில் எழுதினாலும் தவறில்லை, மைய வாக்கியம் கையில் இருக்கும்வரை.

முதல் வரைவு முடிந்ததும் ஒவ்வொரு பத்தியின் கூற்றை மட்டும் பிரித்து ஒரு தாளில் வரிசையாக எழுதிப் படியுங்கள். அந்த வரிசையே ஒரு வாதமாக ஓட வேண்டும். இரண்டு வரிகளை இடம் மாற்றியும் ஒன்றும் கெடவில்லை என்றால் அவற்றுக்குள் தொடர்பு இல்லை. அங்கே இருப்பது பட்டியல்.

முடிவுரைதான் பலரும் சோர்ந்துபோகும் இடம். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் 'கூறியது கூறல்', 'சென்றுதேய்ந் திறுதல்' என்ற இரண்டும் இங்கே சேர்ந்தே வந்துவிடும்: சொன்னதையே சுருக்கிச் சொல்லி, 'அரசு ஆவன செய்ய வேண்டும்' என்று தேய்ந்து முடிவது. அந்த 300 சொல்லில் செய்ய வேறு வேலை இருக்கிறது. வருகையை அளவுகோலாக ஏற்றால் வட்டாரக் கல்வி அலுவலகம் எந்த விவரத்தை, எந்த மாதத்தில், எந்த வடிவில் வெளியிட வேண்டும் என்று சொல்லலாம். முதற்கட்டப் பள்ளிகளிலும் பிந்திய பள்ளிகளிலும் 1, 2ஆம் வகுப்பு வருகை ஒரே அளவில் நகர்ந்திருந்தால் இந்த வாதம் விழும் என்று வெளிப்படையாக எழுதலாம். இரண்டு பருவ வருகைத் தரவு கிடைத்தால் அடுத்த மாணவர் எங்கிருந்து தொடங்கலாம் என்றும் காட்டிவிட்டு, அங்கேயே பேனாவை மூடிவிடலாம்.